கண்ணுக்குத் தெரியாத கதிரும் கணக்கில் வராத தொழிலாளியும்



தோட்டங்களுக்கு மின்சாரம் வந்து சேராத காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மாரியம்மன் திருவிழா என்றாலும், கல்யாணம் என்றாலும், சாவு வீடு என்றாலும் கியாஸ் லைட்டுதான் வெளிச்சம். விளக்கேற்றத் தெரிந்த ஒருவர் மண்டியிட்டு உட்கார்ந்து, சிறு பைபோன்ற வலைத்துணியை விளக்கின் வாயில் கட்டித் தீ வைப்பார். துணி எரிந்து வெண்மையான கூடாக நிற்கும். காற்றடித்து எண்ணெய் ஆவி ஏறியதும் பளீரென்று ஒளி பரவும். அந்தக் கூட்டை மேண்டில் என்பார்கள். விரல் பட்டால் பொடியாக உதிர்ந்துவிடும்.

அந்த மேண்டிலுக்கு அவ்வளவு வெளிச்சத்தைக் கொடுத்தது தோரியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடு. தோரியமோ தானாகவே கதிர் வீசும் பொருள். உதிர்ந்த சாம்பலைத் தட்டிவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்ட அந்தப் பெரியவருக்கு இது தெரியாது. அதனால் அவருக்குத் தீங்கு வந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு விளக்கில் இருந்த தோரியம் மிகச் சொற்பம். ஆனால் தோரியம் உள்ள மணலை மூட்டை மூட்டையாக அள்ளியவர் நிலை என்ன? அதை அரைத்தவர், தூசியைக் கூட்டியவர், லாரியில் ஏற்றியவர் நிலை என்ன? இவர்களில் யார் உடலில் எவ்வளவு கதிர் படுகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டும்? யாருக்கு அந்த அளவு தேவையில்லை? இதை முடிவு செய்வது யார்? எதைக் கொண்டு முடிவு செய்வது? இன்றைய உரையில் நாம் பார்க்கப்போகும் வரலாறு இதுதான்.

இந்த மணல் நம் மக்களுக்கு அந்நியமானதன்று. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் அன்றைய திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டறிந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலையும் எழுந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. மேண்டில் செய்ய அது வேண்டியிருந்தது.

மலாயாவிலோ அதே மோனசைட் வெள்ளீயத்தோடு சேர்ந்து வெளிவந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈய மணலைக் கழுவி எடுத்த பிறகு கறுப்பாக ஒரு மணல் மிஞ்சும். அதற்கு அமாங் என்று பெயர். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம் ஆகிய கனிமங்கள் அதில் கலந்திருக்கும். நெடுங்காலம் அது வெறும் கழிவாகக் குவிந்து கிடந்தது. பின்னர் விலை கிடைத்தபோது, அதை உலர்த்திப் பிரிக்கும் ஆலைகள் தோன்றின.

வெள்ளீயத்தின் கதையில் பினாங்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஜோர்ஜ்டவுனில் டத்தோ கிராமாட் சாலையில் இருந்த உருக்காலை 1907-இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் நிறுவனமாக உருப்பெற்றது. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் நிறுவனத்தின் உருக்காலை நடந்தது. பேராக்கின் ஈய மணல் இங்கே வந்து உருகிக் கட்டியாகிக் கப்பலேறியது. உருக்கும்போது ஒதுங்கும் கசடில் யுரேனியமும் தோரியமும் சிறு அளவில் தங்கிவிடும் என்பது இன்று எல்லாரும் அறிந்த உண்மை. உலைக்கு முன் வெந்த அந்நாளைய தொழிலாளிக்குச் சூடு தெரிந்தது, புகை தெரிந்தது, கதிர் தெரியவில்லை. கதிருக்கு நிறமில்லை, மணமில்லை, சுடுவதுமில்லை. அதை உணர நமக்கு எந்தப் புலனும் இல்லை. கருவி ஒன்றுதான் சொல்ல முடியும். ஆகவே யாருக்குக் கருவி கொடுக்கிறோம் என்பதே யாருடைய ஆபத்து வெளியே தெரியும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது.

உலகம் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரோண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். ஓராண்டுக்குள் உலகமெங்கும் மருத்துவர்கள் அவற்றைப் பயன்படுத்தத் தொடங்கினர். இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று தங்கள் கையையே கதிரில் நீட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராயிருந்த கிளாரன்ஸ் டாலி இப்படிக் கைகளை இழந்து, 1904-இல் புற்றுநோயால் மாண்டார். எக்ஸ்ரே குழாய் செய்யும் வாக்னர் என்பவர் 1907-இல் ஓர் எளிய யோசனை சொன்னார். புகைப்படத் தகடு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாலையில் அதைக் கழுவிப் பார்த்தால், அன்று தம்மீது கதிர் பட்டதா என்று தெரிந்துவிடும் என்றார். இன்று மார்பில் அணியும் பேட்ஜுக்கு அதுவே முன்னோடி. பாவம், அவருக்கு அது காலம் கடந்த யோசனை. அடுத்த ஆண்டே அவரும் புற்றுநோயால் இறந்தார். கதிர்த் தொழிலில் உயிர் நீத்தவர்களுக்காக 1936-இல் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். அதில் முதலில் பொறித்த பெயர்கள் மட்டும் 169.

மருத்துவர்களும் அறிஞர்களும் இறந்தபோது உலகம் கவனித்தது. தொழிலாளிப் பெண்கள் இறந்தபோதோ கவனிக்க நாளாயிற்று.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊர். அங்கே 1917 முதல் இளம் பெண்கள் கடிகார முகப்புகளில் எண்களை எழுதினார்கள். இருட்டில் ஒளிரும் அந்தச் சாயத்தில் ரேடியம் கலந்திருந்தது. தூரிகையின் முனை கூராக இருக்க வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படிச் செய்யவே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சிறிது ரேடியம் வயிற்றுக்குள் போயிற்று. அதே ஆலையின் ஆய்வுக் கூடத்தில் வேலை செய்த வேதியியலாரோ ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால் ரேடியத்தைக் கையாண்டார்கள்.

இதைச் சற்று எண்ணிப்பாருங்கள். பொருள் ஒன்று, கூரை ஒன்று. வேதியியலார் கதிரோடு வேலை செய்பவர் என்று கருதப்பட்டார். அந்தப் பெண்ணோ சாயம் பூசுபவள் என்று கருதப்பட்டாள். அவள் செய்த வேலையின் பெயரில் கதிர் என்ற சொல் இல்லை. ஆகவே அவள் பாதுகாப்புக் கணக்கிலும் இல்லை. தாடை எலும்பு அரித்து, இரத்தம் கெட்டு அந்தப் பெண்கள் இறந்தார்கள். 1925-இல் மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் காரணத்தை நிறுவிக் காட்டினார். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசமாக முடிந்தது. அவர்கள் பட்ட பாட்டிலிருந்தே, ஒரு மனிதர் உடலில் எவ்வளவு ரேடியம் வரை தங்கலாம் என்ற முதல் அளவு 1941-இல் வகுக்கப்பட்டது.

நேயர்களே, தோட்டத்து வாழ்க்கை அறிந்த நமக்கு இது புதிய செய்தியா? காலையில் பெரட்டுக்கு நின்று, செக்ரோலில் பெயர் விழுந்தவருக்குத்தான் அன்று கூலி. தாய்க்குத் துணையாகக் கட்டிப்பால் பொறுக்கிய பிள்ளையின் பெயர் செக்ரோலில் இராது. ஆனால் கொசு கடித்தது அந்தப் பிள்ளையையும்தான். மழையில் நனைந்ததும் அந்தப் பிள்ளைதான். பட்டியல் வேறு, உண்மை வேறு. கதிர்வீச்சுக்குப் பட்டியல் படிக்கத் தெரியாது.

இந்த உண்மையைச் சட்டமொழியில் முதன்முதலாகத் தெளிவாகச் சொன்ன ஆவணங்களில் ஒன்று, அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1960-இல் நிறைவேற்றிய 115-ஆம் உடன்படிக்கை. வேலையின்போது கதிர்வீச்சு படக்கூடிய எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்தும். தொழிலாளரையும் வேலையிடத்தையும் அளந்து பார்க்க வேண்டும் என்றது. அதோடு நிற்கவில்லை. கதிர் வேலையில் நேரடியாக ஈடுபடாமல், அந்த இடத்தில் தங்குகிறவர், அவ்வழியே கடந்து போகிறவர் ஆகியோருக்கும் அளவு வகுக்க வேண்டும் என்றது. கூட்டுபவர், காவலாளி, கொத்தனார், லாரி ஓட்டுநர் ஆகியோர் கணக்குக்குள் வரும் கதவு அங்கே திறந்தது.

ஆனால் எல்லாருக்கும் ஒரு பேட்ஜ் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? அதுவும் சரியாகாது. தேவையில்லாத ஆயிரம் பேட்ஜுகளுக்கு நடுவே தேவையான பத்து மறைந்துபோகும். ஆகவே 1977-இல் அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழு ஒரு கோடு கிழித்தது. ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவில் பத்தில் மூன்று பங்கைத் தாண்டக்கூடிய வேலையா? அப்படியானால் ஒவ்வொருவரையும் தனித்தனியே அளக்க வேண்டும். தாண்ட வாய்ப்பில்லாத வேலையா? வேலையிடத்தை அளந்தால் பெரும்பாலும் போதும். பல நாடுகள் இன்றும் இந்தக் கோட்டைப் பின்பற்றுகின்றன. அமெரிக்கா பத்தில் ஒரு பங்கிலேயே கோடு கிழித்திருக்கிறது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து போடலாம். உடலில் பட்ட கதிரை மில்லிசீவர்ட் என்னும் அளவால் சொல்கிறார்கள். மண், பாறை, காற்று, வானம் ஆகியவற்றிலிருந்து எல்லா மனிதருக்கும் இயற்கையாக வருவது, உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். கதிர்த் தொழிலாளிக்கு இதற்கு மேல் வேலையினால் அனுமதிக்கப்படுவது ஆண்டுக்கு 20. அதில் பத்தில் மூன்று பங்கு 6. ஒருவர் வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம் வேலை செய்தால் 2,000 மணி நேரம் ஆகிறது. அவர் நிற்கும் இடத்தில் கருவி மணிக்கு 3 மைக்ரோசீவர்ட் காட்டினால், ஆண்டுக்கு 6,000 மைக்ரோசீவர்ட், அதாவது 6 மில்லிசீவர்ட். ஆக, அவர் அந்தக் கோட்டிலேயே நிற்கிறார். அதே இடத்தில் வாரம் இரண்டு மணி நேரம் மட்டும் வந்து போகிறவருக்கு ஆண்டில் 100 மணி நேரந்தான். அவருக்குப் படுவது 0.3 மில்லிசீவர்ட்.

கவனியுங்கள். இந்தக் கணக்கில் தொழிலாளியின் பதவிப் பெயர் எங்கும் வரவில்லை. அவர் நிரந்தர ஆளா, குத்தகை ஆளா என்பதும் வரவில்லை. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார், அங்கே கதிர் எவ்வளவு என்ற மூன்றுதான் வந்தன. இவற்றோடு நான்காவதாக, தவறு நேர்ந்தால் எவ்வளவு படக்கூடும் என்பதையும் சேர்க்க வேண்டும். குழாய்களின் பற்றவைப்பைச் சோதிக்கக் கொண்டுபோகும் இரிடியம் கதிர்மூலம், பெட்டிக்குள் இருக்கும்வரை சாதுவானது. வெளியே சிக்கிக்கொண்டால் சில நிமிடங்களிலேயே கையைப் புண்ணாக்கிவிடும். அத்தகைய வேலை செய்பவருக்குச் சராசரிக் கணக்கைக் காட்டிப் பேட்ஜை மறுப்பது அநியாயம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

மலேசியாவில் 1968-இல் கதிரியக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. ஆனால் இந்தக் கேள்வியை மக்கள் மத்தியில் கொண்டுவந்து நிறுத்தியது ஓர் ஆலை. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் என்னும் ஆலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. அமாங்கிலிருந்து கிடைத்த மோனசைட்டிலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்தெடுப்பது அதன் வேலை. மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. அதைக் கொட்டப் பாரிட்டில் இடம் பார்த்தார்கள், மக்கள் எதிர்த்தார்கள். பிறகு பாப்பானில் குழி வெட்டினார்கள்; 1984-இல் அங்கும் மக்கள் திரண்டார்கள். புக்கிட் மேரா குடியிருப்பாளர் எட்டுப் பேர் 1985-இல் வழக்குத் தொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் உயர் நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொல்லித் தடை விதித்தது. அணுசக்தி உரிம வாரியத்தின் உரிமத்தோடு 1987-இல் ஆலை மீண்டும் இயங்கியது. 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994 ஜனவரியில் ஆலை மூடப்பட்டது.

இந்தப் போராட்டத்தின் பின்னால் ஜோர்ஜ்டவுன் நகரம் இருந்தது என்பதைப் பினாங்கு மக்கள் பெருமையோடு நினைவுகூரலாம். 1969-இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அதன் தலைவர் எஸ். எம். முகமது இத்ரிஸ் வழிநடத்திய சகாபாட் ஆலாம் அமைப்பும் மக்களுக்குத் துணை நின்றன. வழக்கறிஞர் மீனாட்சி ராமன் மக்களுக்காக வழக்காடியவர்களில் ஒருவர். ஜப்பானியப் பேராசிரியர் சதாவோ இச்சிகாவா கருவியோடு வந்து ஆலையைச் சுற்றி அளந்தார். பொதுமக்களுக்கு உரிய வரம்பைப் பலமடங்கு மீறிய இடங்கள் இருப்பதை அவர் காட்டினார். அவர் அளந்த பிறகுதான் மக்களின் அச்சத்துக்கு எண் கிடைத்தது. எண் கிடைத்த பிறகுதான் நீதிமன்றத்தில் வாதாட முடிந்தது.

வேலிக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றி நாடு பேசியது. வேலிக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. கழிவைப் பீப்பாயில் அடைத்தவர், சுமந்தவர், கட்டட வேலைக்குச் சில மாதம் வந்து போனவர், இவர்களும் யாரோ வீட்டுப் பிள்ளைகள்தாமே?

சட்டமும் இதற்கிடையே வளர்ந்தது. 1984-இல் அணுசக்தி உரிமச் சட்டம் நிறைவேறியது. 1985-இல் உரிம வாரியம் அமைந்தது. 1988-இல் வந்த பாதுகாப்பு விதிகள் தொழிலாளிக்கு ஆண்டு வரம்பாக 50 மில்லிசீவர்ட் வைத்தன. 2010-இல் வந்த புதிய விதிகள் அதை 20 ஆகக் குறைத்தன. நேற்றுப் பாதுகாப்பானது என்று சொல்லப்பட்ட அளவு இன்று கூடாத அளவாகிவிட்டது. தனித்தனியே யாரை அளப்பது என்ற கோடும் அதனோடு கீழே இறங்க வேண்டும் அல்லவா? ஆகவே பத்தாண்டுக்கு முன் ஒருவர் உனக்குப் பேட்ஜ் தேவையில்லை என்று சொல்லியிருந்தால், அந்தப் பதில் இன்றும் செல்லும் என்று இருந்துவிடலாகாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், 1972-இல் பாயான் லெப்பாஸில் தாராள வாணிப வட்டாரம் திறந்தபோதும், லயத்தை விட்டு நம் பிள்ளைகள் ஆலைகளுக்குப் போனார்கள். பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் பட்டர்வொர்த்திலும் இன்று நம்மவர் செய்யாத வேலை இல்லை. மின்னணுப் பலகைகளை எக்ஸ்ரே பெட்டிக்குள் வைத்துச் சோதிக்கிறார்கள். மருத்துவமனையில் வேலை செய்கிறார்கள். ஆலைகளைத் துப்புரவு செய்கிறார்கள். ஆகவே இரண்டு செய்திகளை நம் குடும்பங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, இயந்திரம் வேறு, பொருள் வேறு. எக்ஸ்ரே இயந்திரத்தை நிறுத்திவிட்டால் அந்த அறையில் கதிர் இல்லை. சுவரில் தங்காது, தரையில் ஒட்டாது. ஆகவே வேலை முடிந்தபின் எக்ஸ்ரே அறையைக் கூட்டும் அம்மாவுக்குப் பேட்ஜ் தேவையில்லை, அஞ்சவும் வேண்டாம். நன்றாக மூடிய சோதனைப் பெட்டிக்கு முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும், பெட்டியில் கசிவில்லை என்று முறையாக அளந்து உறுதி செய்திருந்தால், ஆபத்தில்லை. மோனசைட் தூசியோ நிறுத்த முடியாத பொருள். விளக்கை அணைத்தாலும், ஆலையைப் பூட்டினாலும் அது கதிர் வீசிக்கொண்டேயிருக்கும். அந்தத் தூசியைக் கூட்டும் அம்மா, மேலதிகாரியைவிடக் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டியவர்.

இரண்டாவது, பேட்ஜ் தாயத்து அன்று. அது கதிரைத் தடுக்காது. பட்டதைச் சொல்லும், அவ்வளவே. அதிலும் வெளியிலிருந்து உடலில் படுவதை மட்டுமே சொல்லும். மூக்கு வழியே நுரையீரலுக்குள் போய்த் தங்கிய தோரியத் தூசியை மார்பிலுள்ள பேட்ஜ் அறியாது. ரேடியத்தை விழுங்கிய அந்தக் கடிகாரப் பெண்கள் பேட்ஜ் அணிந்திருந்தாலும் அது உண்மை முழுவதையும் சொல்லியிராது. தூசி வேலைக்குக் காற்றை அளக்க வேண்டும். தொழிலாளியின் சட்டைக் கழுத்தில் மாட்டும் சிறிய காற்று உறிஞ்சும் கருவி வேண்டும். தூசியை நனைத்து அடக்க வேண்டும். ஆகவே யாரை அளப்பது என்று முடிவு செய்யும்போதே, எதைக் கொண்டு அளப்பது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும்.

உங்கள் மகனோ மகளோ இத்தகைய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அச்சத்தோடு வேண்டாம், அறிவோடு சில கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். நான் நிற்கும் இடத்தை அளந்தீர்களா? எப்போது அளந்தீர்கள்? என்ன எண் வந்தது? எனக்குப் பேட்ஜ் தேவையில்லை என்றால், எந்தக் கணக்கின்படி தேவையில்லை? தேவை என்றால், மாதாமாதம் அதன் அளவை எனக்குக் காட்டுவீர்களா? வேலை மாறிப் போகும்போது என் பதிவு என்னோடு வருமா? கருவுற்ற பெண்ணாயிருந்தால் அதை உடனே மேலாளரிடம் சொல்ல வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்கு அனுமதிக்கப்படும் அளவு, தாய்க்கு உள்ளதைவிட மிகமிகக் குறைவு.

தேவையில்லை என்பதும் நல்ல பதில்தான், அது அளந்த பிறகு வந்த பதிலாக இருந்தால். அளக்காமலே சொல்லப்பட்ட தேவையில்லை என்ற சொல்லுக்குத்தான் ஆரஞ்சு நகரத்துப் பெண்கள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெயர்கள் எந்தச் செக்ரோலில் இருந்தாலும், இல்லாவிட்டாலும், அளக்கும் கணக்கில் விடுபடாதபடி பார்த்துக்கொள்வோமாக.